ஜூனியர் வக்கீல் எழுதும் ஆபீஸ் மெமோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரிமுனையைச் சுற்றி, தம்பு செட்டி தெரு, லிங்கி செட்டி தெரு, அரண்மனைக்காரன் தெரு மாடிகளில் இருக்கும் வக்கீல் ஆபீஸ்களில் வருடா வருடம் புது ஜூனியர்கள் வந்து சேருகிறார்கள். கேஸ் கட்டு தூக்குவது, வாய்தா வாங்குவது, நகல் மனு போடுவது எல்லாம் குமாஸ்தாவோடு நான்கு நாள் சுற்றினால் வந்துவிடும். மெமோ எழுதுவதை மட்டும் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. அதற்காகத்தான் இந்தப் பக்கம். உதாரணங்கள் வடசென்னை வழக்குகளின் சாயலில் இருக்கும். அதில் வரும் ஆட்களும் தொகைகளும் கற்பனை, சட்டமும் தீர்ப்புகளும் நிஜம்.

எந்த மெமோவைப் பற்றிப் பேசுகிறோம்?

கோர்ட்டில் தாக்கல் செய்யும் மெமோ இல்லை. ஆபீஸுக்குள்ளேயே தங்கிவிடும் குறிப்பு. சீனியர் ஒரு சட்டக் கேள்வி கேட்கிறார். நீங்கள் கட்டைப் படித்து, சட்டத்தைப் புரட்டி, தீர்ப்புகளைத் தேடி, பதிலை எழுதித் தருகிறீர்கள். நீதிபதி இதைப் பார்க்கப் போவதில்லை, எதிர்க்கட்சி வக்கீலும் பார்க்கப் போவதில்லை. ஆகவே இங்கே வாதாட வேண்டியதில்லை. நம் கட்சிக்காரர் பக்கம் பலவீனமாக இருந்தால் அதை அப்படியே எழுதக்கூடிய ஒரே காகிதம் இதுதான். வாதியின் பிராதிலும் எதிர்வாதியின் பதிலுரையிலும் அந்தச் சுதந்திரம் கிடையாது.

படிக்கப் போகிறவரையும் நினைவில் வையுங்கள். அவர் ஹைகோர்ட் வராந்தாவில் நடந்துகொண்டே படிப்பார், இல்லையென்றால் கேஸ் கூப்பிடுவதற்கு முன் பின்வரிசையில் உட்கார்ந்து படிப்பார். சட்டக் கல்லூரியில் எழுதிய கட்டுரையின் நடை அந்த இடத்தில் உதவாது.

சீனியர் நடந்துகொண்டே கேள்வியைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். எங்கிருந்து தொடங்குவது?

"அந்த ராயபுரம் மேட்டர்ல செக்‌ஷன் 9 வருமான்னு பாரு" என்பார் (கீழே விளக்கும் அடிமனைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு). அவ்வளவுதான். உடனே கம்ப்யூட்டரைத் திறந்து தேட ஆரம்பிப்பதுதான் பெரும்பாலான ஜூனியர்கள் செய்வது. அதற்கு முன்னால் மூன்று விஷயம் தெரிய வேண்டும். நாம் யார் பக்கம், வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது, அவருக்கு இது எதற்கு வேண்டும். கட்சிக்காரரிடம் ஆலோசனை சொல்வதற்கா, மனு எழுதுவதற்கா, நாளைக் காலை கோர்ட்டில் எழுந்து நின்று பேசுவதற்கா? மூன்றுக்கும் மூன்று விதமான மெமோ.

லிஃப்ட் கதவு மூடுவதற்குள் கேட்க முடியாவிட்டால், நீங்கள் புரிந்துகொண்ட கேள்வியை இரண்டு வரியில் எழுதி அனுப்பிவிடுங்கள்: "சார், நாம் குடித்தனக்காரர் பக்கம். சம்மன் வந்துவிட்டது, செக்‌ஷன் 9 மனு இன்னும் போடவில்லை. மனு போட நமக்குத் தகுதி இருக்கிறதா, காலக்கெடு எப்போது முடிகிறது, இந்த இரண்டையும் பார்க்கிறேன்." தப்பாகப் புரிந்திருந்தால் அவர் உடனே திருத்துவார். இதைக் கேட்டால் விவரமில்லாதவன் என்று நினைப்பார்களோ என்ற பயம் வேண்டாம். இரண்டு நாள் வேறு கேள்விக்கு உழைத்துவிட்டு வருகிற ஜூனியரைவிட, இரண்டு வரி கேட்ட ஜூனியரைத்தான் சீனியர்களுக்குப் பிடிக்கும்.

வழக்கின் விவரங்களை எவ்வளவு எழுத வேண்டும்? கட்டு சீனியரிடமே இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் அவர் கையில் அப்படி நூறு கட்டு இருக்கிறது. சட்டக் கேள்வியின் விடையை மாற்றக்கூடிய ஒவ்வொரு விவரமும் மெமோவில் வர வேண்டும். மாற்றாத விவரம் எவ்வளவு சுவாரசியமாக இருந்தாலும் வேண்டாம். அண்ணன் தம்பி சண்டை எப்படி ஆரம்பித்தது என்பது கட்சிக்காரருக்கு முக்கியம், மெமோவுக்கு அல்ல.

ராயபுரம் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். வடசென்னையில் பழைய குடும்பங்கள் பலவற்றில் வீடு ஒருவருடையது, கீழே இருக்கும் மனை வேறொருவருடையது. மனைக்குக் கொடுப்பதை அடிமனை வாடகை என்பார்கள். இந்த மாதிரி குடித்தனக்காரருக்காக வந்ததுதான் சிட்டி டெனன்ட்ஸ் புரொடெக்‌ஷன் ஆக்ட், 1921. வெளியேற்றினால் தான் கட்டிய கட்டடத்துக்கு நஷ்டஈடு கேட்கும் உரிமையை 3ஆம் பிரிவு தருகிறது. மனைக்காரர் வழக்குப் போடும் முன் மூன்று மாத எழுத்து நோட்டீஸ் கொடுத்து, நஷ்டஈடு தரத் தயார் என்றும் அதில் சொல்ல வேண்டும் என்கிறது 11ஆம் பிரிவு. 9ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. வழக்கின் சம்மன் கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள், அந்த மனையைத் தனக்கே விற்கும்படி உத்தரவிடக் கோரி குடித்தனக்காரர் மனு போடலாம். வசதியாக அனுபவிக்கக் குறைந்தபட்சம் எவ்வளவு நிலம் தேவை என்பதைக் கோர்ட் முதலில் தீர்மானிக்கும். பிறகு, உத்தரவுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி சந்தை மதிப்பை வைத்து விலை போடும்.

இப்போது எந்த விவரம் விடையை மாற்றும் என்று பாருங்கள். வாடகை மனைக்கு மட்டுமா, கட்டடத்துக்கும் சேர்த்தா? கட்டடத்துக்கும் என்றால் இந்தச் சட்டமே வராது. வாடகை ரசீதில் "மனை வாடகை" என்று இருக்கிறதா, வெறுமனே "வாடகை" என்று இருக்கிறதா? மாநகராட்சி சொத்துவரி யார் பெயரில் வருகிறது? மேலே நிற்கும் கட்டடத்தைக் கட்டியது இவரா, இவருடைய தாத்தாவா, இல்லை மனையோடு சேர்ந்தே வந்ததா? குடித்தனம் எப்போது தொடங்கியது? சட்டம் எந்தத் தேதிக்கு முந்தைய குடித்தனங்களுக்குப் பொருந்தும் என்பது முதல் பிரிவிலேயே இருப்பதால், ஒரு பழைய ரசீது வழக்கையே தூக்கி நிறுத்தலாம், கவிழ்க்கவும் செய்யலாம். அவர் அங்கேயே குடியிருக்கிறாரா, முழுவதையும் உள்வாடகைக்கு விட்டுவிட்டாரா? குடியிருக்காதவர் "வசதியாக அனுபவிக்க எனக்கு இவ்வளவு நிலம் தேவை" என்று சொல்வது கஷ்டம்.

இதையெல்லாம் கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மனை யாருடையது? கோயில் நிலமாக இருந்தால் கதையே வேறு. 1996 திருத்தத்தின் மூலம் மத நிறுவனங்களின் நிலங்கள் இந்தச் சட்டத்திலிருந்து விலக்கப்பட்டன. மயிலாப்பூர் கிளப் வழக்கில் 2005இல் சுப்ரீம் கோர்ட் அந்தத் திருத்தத்தைச் செல்லும் என்று சொல்லிவிட்டது. வடசென்னையில் கோயில் மனைகள் கொஞ்சநஞ்சமல்ல. "சாமி நிலம்தான் சார், ஆனா எங்க தாத்தா காலத்துலேர்ந்து இருக்கோம்" என்று கட்சிக்காரர் போகிற போக்கில் சொன்ன ஒரு வரியை நீங்கள் எழுதாமல் விட்டால், அதற்குப் பின்னால் எழுதிய பத்துப் பக்கமும் குப்பைக்குத்தான்.

இன்னொன்று. எந்த விவரம் எங்கிருந்து வந்தது என்று பக்கத்திலேயே குறியுங்கள். "குடித்தனம் 1962 முதல் (கட்சிக்காரர் சொன்னது, ஆவணம் இல்லை)", "மேல்கட்டடம் அப்பா பெயரில் (சொத்துவரி ரசீது, கட்டு பக்கம் 34)". ஆவணம் இருப்பதும், வாயால் சொன்னதும், நீங்கள் ஊகித்ததும் மெமோவில் கலந்துவிடக் கூடாது.

தேதிகளுக்குத் தனிப் பட்டியல் தேவையா?

கட்டாயம் தேவை. காலக்கெடு இருக்கும் எந்த விஷயத்திலும் மெமோவின் முதல் பக்கத்திலேயே அது இருக்க வேண்டும். செக் கேஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம், ஜார்ஜ் டவுன் கோர்ட்டுகளில் அதற்குப் பஞ்சமே இல்லை.

மண்ணடி இரும்பு வியாபாரி ஒருவர் தண்டையார்பேட்டைக்காரருக்குச் சரக்கு அனுப்பினார். வந்த செக் பணமில்லை என்று திரும்பியது. திரும்பிய தகவல் வங்கியிலிருந்து மார்ச் 3இல் கிடைத்தது. நோட்டீஸ் மார்ச் 30இல் அனுப்பப்பட்டது, ஏப்ரல் 2இல் எதிரிக்குக் கிடைத்தது. பணம் வரவில்லை.

நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆக்ட் 138ஆம் பிரிவின்படி, தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஏப்ரல் 2 வரை நேரம் இருந்தது, மார்ச் 30இலேயே அனுப்பியாகிவிட்டது, சரி. நோட்டீஸ் கிடைத்த பிறகு எதிரிக்கு 15 நாள், அது ஏப்ரல் 17இல் முடிகிறது. 18ஆம் தேதி வழக்குக் காரணம் பிறக்கிறது. அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் புகார் போட வேண்டும். காரணம் பிறந்த நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று சாகேத் இந்தியா வழக்கில் 1999இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது, ஈகான் ஆன்ட்ரி வழக்கில் 2013இல் அதை உறுதிசெய்தது. ஆக மே 18 கடைசி நாள். ஒரு மாதம் என்பது காலண்டர் மாதம், 30 நாள் அல்ல.

இந்தக் கணக்கை வாக்கியமாக எழுதாமல் வரிசையாகத் தேதி போட்டு எழுதுங்கள். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே ஆவணம் இருக்க வேண்டும்: வங்கி ரிட்டர்ன் மெமோ, தபால் ரசீது, அக்னாலெட்ஜ்மென்ட் அட்டை. மே மாதம் என்றவுடன் "கோர்ட் லீவுதானே" என்று சிலர் நிம்மதியாக இருந்துவிடுவார்கள். கோடை விடுமுறை சிவில் கோர்ட்டுகளுக்கு. மாஜிஸ்திரேட் கோர்ட் நடந்துகொண்டுதான் இருக்கும்.

காலக்கெடு தாண்டியிருந்தால் அடுத்த வரியிலேயே அதற்கு வழி உண்டா என்று சொல்லுங்கள். புகார் தாமதமானால் தக்க காரணம் காட்டி மன்னிப்புக் கேட்க 142ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. நோட்டீஸ் தாமதமானால் அந்த வழி இல்லை. இரண்டும் தாமதம்தான், ஆனால் ஒன்றில் வழக்கு பிழைக்கும், மற்றொன்றில் பிழைக்காது. சிவில் வழக்கு என்ற வேறு பாதை அப்போது பேசப்பட வேண்டும்.

சட்டக் கேள்வியை எப்படி எழுதுவது?

விவரமும் சட்டமும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து நிற்க வேண்டும். "செக்‌ஷன் 9 பொருந்துமா?" என்பது கேள்வியே இல்லை. "மனையை மட்டும் வாடகைக்கு எடுத்து, தந்தை கட்டிய வீட்டில் குடியிருப்பவர், சம்மன் கிடைத்து 41 நாள் கழித்து 9ஆம் பிரிவு மனுப் போட்டால் ஏற்கப்படுமா?" என்று எழுதினால், விடை எங்கே தேட வேண்டும் என்று கேள்வியே காட்டிவிடும். அந்த ஒரு மாதக் கெடுவை நீட்டிக்க முடியுமா என்பதுதான் விவகாரம், மற்றதெல்லாம் பின்னால்.

ஒரு மெமோவில் இரண்டு மூன்று கேள்விக்கு மேல் வந்தால், ஏதோ ஒன்று இன்னும் உங்களுக்கே தெளியவில்லை என்று அர்த்தம்.

விடையை முதலிலேயே சொல்லிவிடலாமா?

சொல்லிவிடுங்கள். கேள்வி, அதன் கீழே நான்கு வரியில் விடை, அதற்குக் கீழே காரணங்கள். செக் உதாரணத்துக்கு விடை இப்படி இருக்கும்:

"புகார் போடலாம். கடைசி நாள் மே 18. நோட்டீஸ் காலத்துக்குள் அனுப்பப்பட்டிருக்கிறது. நம் கட்சிக்காரருக்குக் கணக்கு மண்ணடி கிளையில் இருப்பதால் ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் போடலாம். பலவீனம்: சரக்கு டெலிவரி ஆனதற்கு எதிரி கையெழுத்துப் போட்ட சலான் இல்லை, வாட்ஸ்அப் செய்தி மட்டுமே இருக்கிறது."

இதைப் படித்த சீனியர் மீதியைப் படிக்காமலேயே போனில் கட்சிக்காரரிடம் பேச முடியும். கடைசி வரி கட்டாயம் வேண்டும். "போடலாம்" என்று மட்டும் எழுதினால் அது கட்சிக்காரர் கேட்க விரும்பும் பதில். செக் கடனைத் தீர்க்கக் கொடுத்தது என்று கோர்ட் எடுத்துக்கொள்ளும் 139ஆம் பிரிவின் அனுமானம் நமக்குச் சாதகம்தான். சட்டப்படி வசூலிக்கத்தக்க கடன் இருந்தது என்பதும் அந்த அனுமானத்துக்குள் அடங்கும் என்று ரங்கப்பா வழக்கில் 2010இல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் அனுமானம் உடைக்கக்கூடியது. எதிரி வக்கீல் முதலில் கை வைக்கப்போவது அந்தச் சலானில்தான் என்பது சீனியருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

தீர்ப்புகளை எங்கே தேடுவது? எத்தனை போடுவது?

எத்தனை என்பதற்கு என் பதில்: ஒரு விஷயத்துக்கு ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. ஒரே கருத்துக்குப் பன்னிரண்டு தீர்ப்பு அடுக்குவது தேடியதைக் காட்டிக்கொள்ளத்தான் பயன்படும். சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு ஒன்று, நம் ஹைகோர்ட் அதைச் சமீபத்தில் பின்பற்றியது ஒன்று, போதும்.

தேடும் இடங்களைப் பொறுத்தவரை ஆபீஸில் என்ன சந்தா இருக்கிறதோ அது. இல்லாவிட்டால் இந்தியன் கானூன், சுப்ரீம் கோர்ட்டின் இலவச இ-எஸ்.சி.ஆர். தளம், ஹைகோர்ட் வளாக நூலகங்கள். 1891இல் தொடங்கிய மெட்ராஸ் லா ஜர்னலும், லா வீக்லி, சி.டி.சி. போன்ற தீர்ப்புத் தொகுப்புகளும் அலமாரியில் தூசியோடு இருக்கும். அடிமனை மாதிரி உள்ளூர்ச் சட்டங்களுக்குப் பழைய தொகுதிகள்தான் கைகொடுக்கும், ஏனென்றால் மற்ற மாநிலங்களில் இந்தச் சட்டமே கிடையாது.

தீர்ப்பைப் படிக்கும்போது தலைக்குறிப்போடு நின்றுவிடாதீர்கள். தலைக்குறிப்பு பதிப்பாளர் எழுதியது, நீதிபதி எழுதியது அல்ல. நீங்கள் எடுத்துக்காட்டும் வரி உண்மையிலேயே கோர்ட்டின் முடிவா, அல்லது ஒரு தரப்பு வக்கீலின் வாதத்தை நீதிபதி எடுத்து எழுதியிருக்கிறாரா? இந்தக் குழப்பம் அடிக்கடி நடக்கும், ஏனென்றால் வாதத்தைத்தான் தீர்ப்பில் நன்றாக எழுதியிருப்பார்கள். பத்தி எண்ணைக் குறிப்பிடுங்கள். எத்தனை நீதிபதிகள் அமர்வு என்பதையும் எழுதுங்கள். தனி நீதிபதி சொன்னதை டிவிஷன் பெஞ்ச் (இரு நீதிபதிகள் அமர்வு) முன்னால் நீட்டினால் என்ன நடக்கும் என்று சீனியருக்குத் தெரியும், ஆனால் அது தனி நீதிபதி தீர்ப்பு என்று நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

நமக்கு எதிரான தீர்ப்பு கிடைத்தால் என்ன செய்வது?

முன்னால் போடுங்கள். ஒளித்து வைப்பதற்கு மெமோ இடமல்ல. எதிர்க்கட்சி வக்கீலும் இதே தளத்தில்தான் தேடுகிறார், உங்களுக்குக் கிடைத்தது அவருக்கும் கிடைக்கும். கோர்ட்டில் அவர் அதை எடுத்து நீட்டும்போது சீனியர் முதல்முறையாக அதைப் பார்க்கிறார் என்றால், அந்த நிமிடத்தில் உங்கள் மெமோவின் மற்ற எல்லாப் பக்கங்களும் வீண்.

எதிரான தீர்ப்பை எழுதியபின் அது நம் வழக்குக்குப் பொருந்துமா என்று பாருங்கள். பதிலுரை தாமதம் நல்ல உதாரணம். சிவில் நடைமுறைச் சட்டத்தில் பதிலுரைக்கு 30 நாள், நீட்டித்தால் 90 நாள். 90ஐத் தாண்டினாலும் விதிவிலக்கான சூழலில் கோர்ட் ஏற்கலாம் என்று கைலாஷ் எதிர் நன்ஹ்கு வழக்கில் 2005இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. பதிலுரை தாமதமான எதிர்வாதிக்கு இது அமிர்தம். ஆனால் வழக்கு வணிக வழக்காக இருந்தால்? அங்கே 120 நாளோடு உரிமை முடிந்துவிடுகிறது, கோர்ட்டுக்கும் நீட்டிக்க அதிகாரம் இல்லை என்று எஸ்.சி.ஜி. கான்ட்ராக்ட்ஸ் வழக்கில் 2019இல் முடிவானது. கைலாஷ் தீர்ப்பை யாரும் ரத்துசெய்துவிடவில்லை, அது இந்த வழக்குக்கு வராது, அவ்வளவுதான். "பொருந்தாது" என்று எழுதினால் ஏன் என்று அடுத்த வரியில் இருக்க வேண்டும். விவரம் வேறா, சட்டம் வேறா, அமர்வு சிறியதா? "விவரங்கள் மாறுபட்டவை" என்று பொத்தாம் பொதுவாக எழுதுவது பதில் இல்லை.

கேட்காத விஷயம் ஒன்று கண்ணில் பட்டால்?

எழுதுங்கள், ஆனால் தனியாக. அந்த இரும்பு வியாபாரி செக் புகாரோடு பணம் வசூலிக்க சிவில் வழக்கும் போட நினைக்கிறார் என்று வையுங்கள். சீனியர் கேட்டது காலவரையறை மட்டும். ஆனால் வியாபாரிகளுக்குள் சரக்கு விற்ற பாக்கி, தொகை மூன்று லட்சத்துக்கு மேல். 2018 திருத்தத்துக்குப் பிறகு அது வணிக வழக்கு. அவசர இடைக்கால நிவாரணம் கேட்காவிட்டால், வழக்குக்கு முன் சமரசப் பேச்சுக்குப் போயே ஆக வேண்டும் என்பது வணிக நீதிமன்றச் சட்டத்தின் 12ஏ பிரிவு. பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் 2022இல் சுப்ரீம் கோர்ட் அதைக் கட்டாயம் என்றது. அதைத் தாண்டிப் போட்ட பிராது நிராகரிக்கப்படும். மெமோவின் கடைசியில் "கேட்கப்படாதது, ஆனால் கவனிக்க வேண்டியது" என்று மூன்று வரி போதும். நல்ல ஜூனியர் என்ற பெயர் பெரும்பாலும் இந்த மூன்று வரியில்தான் கிடைக்கிறது.

சட்டம் மாறியிருக்கிறதா என்று எப்படி உறுதிசெய்வது?

நம்பிக்கையாகத் தோன்றும் தீர்ப்பின் ஆண்டைப் பார்த்து, அதற்குப் பின் அந்தப் பிரிவு திருத்தப்பட்டதா என்று தேடுங்கள். செக் வழக்கை எங்கே போடுவது என்பதில் இது அழகாகத் தெரியும். தஷரத் ரூப்சிங் வழக்கில் 2014இல் மூன்று நீதிபதிகள், செக் கொடுத்தவருடைய வங்கி இருக்கும் ஊரில்தான் போட வேண்டும் என்றார்கள். அடுத்த வருடமே பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. கணக்கில் போட்டு வசூலித்த செக்குக்கு, வாங்கியவரின் கணக்கு இருக்கும் கிளை எந்த எல்லைக்குள் வருகிறதோ அங்கே போடலாம். இன்றும் 2014 தீர்ப்பு தளங்களில் முழுசாகக் கிடைக்கிறது, படித்தால் உறுதியாகத்தான் இருக்கிறது.

வீட்டு வாடகையிலும் அப்படித்தான். 1960ஆம் வருடச் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்புகள் மலைபோல் கிடக்கின்றன. அதற்குப் பதிலாக வந்த 2017ஆம் வருடச் சட்டம் 2019 பிப்ரவரி 22இல் அமலுக்கு வந்தது. அதில் எழுத்து ஒப்பந்தம் இல்லாததே காலிசெய்யக் கேட்க ஒரு காரணம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாவிட்டால், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. பழைய வண்ணாரப்பேட்டையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்பவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், அது வேறு கதை.

கிரிமினல் சட்டங்களில் 2024 ஜூலை 1 என்ற தேதியை மனதில் வையுங்கள். அதற்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய ஐ.பி.சி., பின் நடந்ததற்கு பாரதிய நியாய சன்ஹிதா. சாட்சியச் சட்டத்தில் கணக்கு வேறு, அந்தத் தேதியில் நிலுவையில் இருந்த விசாரணை பழைய சட்டத்திலேயே தொடரும். மேலே சொன்ன வாட்ஸ்அப் செய்திக்கு, மின்னணு ஆவணத்துக்கான பழைய 65பி சான்றிதழா, புதிய 63ஆம் பிரிவுச் சான்றிதழா என்பது இதைப் பொறுத்தது. எதுவானாலும் மூலக் கருவியையே கோர்ட்டில் காட்டாதபோது சான்றிதழ் கட்டாயம், அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கு, 2020.

ஏ.ஐ. வைத்து எழுதலாமா?

தேதிப் பட்டியலை ஒழுங்குபடுத்த, நீளமான வாக்கியத்தைச் சுருக்க உதவும். தீர்ப்பு தேட அதை மட்டும் நம்பாதீர்கள். இல்லாத வழக்குக்குப் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் கொடுத்துவிடும். 2023இல் நியூயார்க்கில் இப்படி வந்த போலித் தீர்ப்புகளைத் தாக்கல் செய்த வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. மூலத் தீர்ப்பைத் திறந்து படிக்காமல் எந்த வழக்கின் பெயரும் மெமோவுக்குள் போகக் கூடாது. கட்சிக்காரரின் பெயரையும் ஆவணங்களையும் அதில் கொட்டுவது தனிப் பிரச்சினை, ஆபீஸில் கேட்காமல் செய்யாதீர்கள்.

தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்திலா?

சீனியர் எதில் படிக்கிறாரோ அதில். ஹைகோர்ட் விஷயம் என்றால் பெரும்பாலும் ஆங்கிலம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தமிழ்ப் பத்திரத்தில் இருக்கும் முக்கிய வாசகத்தையும், கட்சிக்காரர் சொன்ன முக்கியமான சொல்லையும் அப்படியே தமிழில் எடுத்துப் போட்டு, பக்கத்தில் அர்த்தம் எழுதுங்கள். "அனுபவித்துக் கொள்ள வேண்டியது" என்ற பத்திர வாசகம் முழு உரிமையா, ஆயுள்கால உரிமையா என்று மொத்தப் பத்திரத்தையும் வைத்துத்தான் சொல்ல முடியும். நீங்கள் ஆங்கிலத்தில் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்த நொடியில் தீர்ப்பே சொல்லிவிட்டீர்கள். பழைய ரசீதுகளில் பசலி ஆண்டு (வருவாய்த்துறைக் கணக்கு ஆண்டு) வந்தால் 590 கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி ஜூலையில் தொடங்கும் என்பதையும் பாருங்கள். கிரவுண்டு கணக்கு வந்தால் 2,400 சதுர அடி.

எத்தனை பக்கம்?

மூன்று. சிக்கலான விஷயம் என்றால் ஐந்து. தீர்ப்பு நகல்கள் பின்னால் தனியாக, முக்கியப் பத்திக்கு ஓரத்தில் கோடு போட்டு.

விடை உறுதியாகத் தெரியவில்லை. அப்படியே எழுதலாமா?

எழுதலாம், ஆனால் எங்கே தெரியவில்லை என்று குறிப்பிட்டு எழுதுங்கள். "இரு கருத்தும் உண்டு" என்று முடிப்பது கேள்வியைத் திருப்பி சீனியர் மேஜையிலேயே வைப்பது. "இந்தப் புள்ளியில் நேரடியான தீர்ப்பு கிடைக்கவில்லை, ஒத்த பிரிவில் வந்த தீர்ப்புகளைப் பார்த்தால் நமக்குப் பாதகமாகவே போக வாய்ப்பு அதிகம், காரணம் இது" என்று எழுதினால் அவர் அதை வைத்து ஏதாவது செய்ய முடியும். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். ஜூனியர் கருத்துச் சொல்லக் கூடாது என்று ஒரு பழைய எண்ணம் சில ஆபீஸ்களில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கருத்து இல்லாத மெமோவை எழுத ஆள் எதற்கு?

மெமோவை யாரெல்லாம் பார்க்கலாம்?

கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதையும் வக்கீல் கொடுத்த ஆலோசனையையும் அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்பது இன்றைய சாட்சியச் சட்டத்தின் 132ஆம் பிரிவு. பழைய சட்டத்தில் 126. குமாஸ்தாவுக்கும் ஆபீஸ் ஊழியர்களுக்கும்கூட அது பொருந்தும். குற்றம் செய்வதற்காகச் சொன்னதற்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

நடைமுறையில் ரகசியம் கசிவது சட்ட நுணுக்கத்தால் அல்ல. தெருமுனை ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் பிரின்ட் எடுத்துவிட்டு கோப்பை அழிக்காமல் வருவதால். அடுத்த ஆள் எதிர்க்கட்சி வக்கீலின் ஜூனியராக இருக்கலாம், இந்த நாலு தெருவில் அது ஆச்சரியமே இல்லை. பேட்ச் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் "இந்த மாதிரி ஒரு கேஸ், யாருக்காவது தீர்ப்பு தெரியுமா" என்று கேட்பதும் அப்படித்தான். சட்டக் கேள்வியை மட்டும் கேளுங்கள், தெருப் பெயரும் தொகையும் வேண்டாம். மெமோவைக் கோர்ட் கட்டோடு சேர்த்துக் கட்டவும் கூடாது. தாக்கல் செய்யும் காகிதங்களோடு அது போய்விட்டால் திரும்ப வாங்க முடியாது.

இதற்கெல்லாம் ஸ்டைபண்டு உண்டா?

உண்டு என்றுதான் இருக்க வேண்டும். சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற இடங்களில் 15,000 ரூபாய் என்று 2024 ஜூனில் சென்னை ஹைகோர்ட் சொல்லியிருக்கிறது. உங்கள் ஆபீஸில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இரவு ஒன்பது மணிக்குக் கேட்டு, காலை பத்தரைக்கு வேண்டும் என்றால்?

முழு மெமோ எழுத முயலாதீர்கள். ஒரு பக்கம்: கேள்வி, விடை, தேதிகள், சாதகமான தீர்ப்பு ஒன்று, பாதகமான தீர்ப்பு ஒன்று, இன்னும் பார்க்காதது என்ன. அந்தக் கடைசிப் பகுதியை வெட்கப்படாமல் எழுதுங்கள். "சட்டத்திருத்தம் சரிபார்த்தேன், ஹைகோர்ட்டின் சமீபத்திய தீர்ப்புகள் இன்னும் பார்க்கவில்லை" என்று இருந்தால் சீனியர் காலையில் வாய்தா கேட்பதா, வாதத்துக்குப் போவதா என்று முடிவுசெய்வார்.

கொடுத்த மெமோவை சீனியர் படித்தாரா என்றே தெரியவில்லை. என்ன செய்வது?

அந்த வழக்கு வரும் நாளில் கோர்ட் ஹாலில் உட்காருங்கள். உங்கள் மெமோவில் எந்த வரியை அவர் வாயில் எடுக்கிறார், நீதிபதி எந்தக் கேள்வி கேட்கிறார், அதற்கு உங்கள் காகிதத்தில் பதில் இருந்ததா என்று பாருங்கள். உத்தரவு வந்ததும் மெமோவின் மேல் தேதியோடு இரண்டு வரி சேர்த்து, கட்சிக்காரர் பெயரில் இல்லாமல் சட்டப் பிரிவின் பெயரில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் சேமித்து வையுங்கள். அடுத்த அடிமனை வழக்கு தண்டையார்பேட்டையிலிருந்து வரும்போது பாதி வேலை முடிந்திருக்கும். ஆனால் அதை அப்படியே எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். இடையில் சட்டம் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.